எண்ணூர்க் கடலில் ஓத மின்சாரம் எடுக்க முடியுமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எர்ணாவூர், திருவொற்றியூர், காசிமேடு என்று எங்கே நாலு பேர் கூடி மின்சாரத்தைப் பற்றிப் பேசினாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் நிலக்கரியை எரிக்கிறார்கள்?" கேட்பவர் அநேகமாக அனல் மின் நிலையப் புகைபோக்கி தெரியும் தூரத்தில் குடியிருப்பவர். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியில் சாம்பல் படிவதைப் பார்த்துப் பழகியவர். அவர் நேராகக் கேட்கிறார், அவருக்கு நேரான பதில் சொல்ல வேண்டும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும் குடியிருப்போர் கூட்டங்களிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓதம் என்றால் அலைதானே?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அலையை எழுப்புவது காற்று. ஓதத்தை எழுப்புவது நிலவும் சூரியனும். கடல் மட்டம் சுமார் 6 மணி நேரம் ஏறும், சுமார் 6 மணி நேரம் வற்றும். ஓர் ஏற்றத்தின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால்தான் இன்று காலை 6 மணிக்கு நிறைந்த கழி நாளை 6.50 வாக்கில் நிறைகிறது.

மட்டம் ஏற வேண்டுமானால் தண்ணீர் எங்கிருந்தாவது வந்து சேர வேண்டும், இறங்க வேண்டுமானால் எங்காவது போக வேண்டும். அப்படிப் பக்கவாட்டில் வந்து போகும் ஓட்டமே ஓத நீரோட்டம்.

அதிலிருந்து எப்படி மின்சாரம் எடுக்கிறார்கள்?

இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி, கழிமுகத்துக்குக் குறுக்கே அணை கட்டுவது. ஏற்றத்தில் தண்ணீரை உள்ளே விட்டு மதகை மூடுவார்கள். வெளியே கடல் வற்றியதும் தேங்கிய நீரைச் சுழலிகள் (டர்பைன்கள்) வழியாகத் திறந்துவிடுவார்கள். பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966-இல் தொடங்கிய 240 மெகாவாட் நிலையம் இந்த வகை. அங்கே ஓத வேறுபாடு சராசரியாக 8 மீட்டர். தென் கொரியாவின் சிஹ்வா ஏரியில் 2011-இல் வந்த நிலையம் 254 மெகாவாட். அங்கே ஏற்றத்தில் உள்ளே பாயும் நீரே சுழலியைச் சுற்றுகிறது.

புதிய வழியில் அணை கிடையாது. காற்றாலை போன்ற ஒன்றைக் கடலுக்குள் நிறுத்துவார்கள். ஓடும் தண்ணீர் இறக்கையைத் தள்ளும், உள்ளே இருக்கும் மின்னாக்கி சுழலும், கடலடிக் கம்பிவடம் மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும். ஓட்டம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறுவதால் இறக்கையோ இயந்திரத்தின் தலையோ திரும்பிக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள்.

இது புதுமையாகத் தோன்றினாலும் வேர் பழையது. வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டு கழியில் நெண்ட்ரம் என்ற மடாலயத்துத் துறவிகள் கி.பி. 619 வாக்கிலேயே ஓத நீரால் மாவு அரைத்தார்கள். அதே கழியின் வாயில்தான் 2008-இல் சீஜென் என்ற 1.2 மெகாவாட் ஓத நீரோட்டச் சுழலியை நிறுவினார்கள். இடைப்பட்ட 1400 ஆண்டுகளில் இயந்திரம் மாறியது. இடத்தைப் பொறுத்தவரை, தண்ணீர் எங்கே விரைந்து ஓடுகிறதோ அங்கேயே போக வேண்டியிருந்தது.

தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி என்கிறார்களே. மெதுவாக ஓடினாலும் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்ள இடமிருந்தால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் நீரின் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒன்று. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட சன்னல் சட்டம் ஒன்றை ஓட்டத்துக்குக் குறுக்கே பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வீசும் நல்ல காற்று அந்தச் சட்டத்தின் வழியே ஏறத்தாழ 1,000 வாட் கொண்டுபோகும். நொடிக்கு 2.5 மீட்டர் ஓடும் கடல்நீர் 8,000 வாட் கொண்டுபோகும். அடர்த்தியின் பலன் அது.

இப்போது நீரின் வேகத்தை நொடிக்கு அரை மீட்டராகக் குறையுங்கள். கிடைப்பது 64 வாட். வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததும் திறன் 125-இல் ஒன்றாகிவிட்டது. அந்த 64 வாட்டிலும் சுழலி பிடித்துத் தருவது மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், இரண்டு எல்.இ.டி. பல்புகள் எரியும். பெரும்பாலான சுழலிகள் இந்த வேகத்தில் சுற்றவே தொடங்காது.

ஆகவே கடல் எவ்வளவு பெரியது, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதெல்லாம் அடுத்த பேச்சு. எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதே முதல் கேள்வி.

இது உண்மையிலேயே வேலை செய்யும் இடம் எது?

ஸ்காட்லாந்தின் வட முனைக்கும் ஓர்க்னித் தீவுகளுக்கும் இடையே பெண்ட்லண்ட் நீரிணை இருக்கிறது. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் வட கடல். இரண்டிலும் ஓதம் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. ஒரு பக்கம் உயர்ந்திருக்கும்போது மறுபக்கம் தாழ்ந்திருக்கும், நடுவிலே குறுகலான வழி. தண்ணீர் அதில் நொடிக்கு 5 மீட்டர் வரை சீறிப் பாய்கிறது. 2016 முதல் அங்கே மேஜென் திட்டத்தின் 1.5 மெகாவாட் சுழலிகள் நான்கு நிறுவப்பட்டன. அவற்றில் ஒன்று திட்டமிடாத பழுதுபார்ப்பு எதுவும் இல்லாமல் ஆறு ஆண்டுகளைத் தாண்டி ஓடியதாக 2025-இல் செய்தி வந்தது. உப்புநீருக்குள் ஓர் இயந்திரம் அவ்வளவு காலம் நிற்பது சாதனை. பக்கத்திலேயே ஓர்க்னியில் 2021 முதல் ஓ-2 என்ற 2 மெகாவாட் மிதவைச் சுழலி இயங்குகிறது.

சரி, சென்னைக் கடலில் ஓதம் எவ்வளவு?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர். அட்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது.

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பாவ்நகர்ப் பக்கம் இது 10 மீட்டரைத் தாண்டுகிறது. ஒரே நாடு, ஒரே நிலவு, பத்து மடங்கு வேறுபாடு எப்படி? காம்பே வளைகுடா புனல்போல உள்ளே போகப் போகக் குறுகுகிறது, ஆழமும் குறைகிறது. உள்ளே நுழையும் ஓதம் நெருக்கப்பட்டு உயர்கிறது. வளைகுடாவின் நீளமும் ஓதத்தின் தாளத்துக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. சரியான நேரத்தில் தள்ளத் தள்ள ஊஞ்சல் உயரமாகப் போகுமே, அதைப் போல. நம் கரை நேராகத் திறந்து கிடக்கிறது. தண்ணீரை நெருக்கிப் பிடிக்கும் வாய் நமக்கு இல்லை.

காசிமேட்டுப் படகையே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் இருக்கிறதே. அது ஓதம் இல்லையா?

நல்ல கேள்வி. கடலுக்குப் போகிறவர்களே இதைக் கேட்பார்கள், அவர்கள் சொல்லும் ஓட்டமும் உண்மை. தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் நம் கரையில் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். வலை எந்தப் பக்கம் நகரும், எங்கே போட்டால் எங்கே எடுக்கலாம் என்பதை இதை வைத்தே கணிக்கிறார்கள்.

ஆனால் அதை ஓட்டுவது பெரும்பாலும் நிலவு அல்ல. பருவக்காற்றும் வங்கக்கடலின் பெரிய சுழற்சியும் சேர்ந்து ஓட்டுகின்றன. ஆய்வாளர்கள் இதை இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் என்பார்கள். பிப்ரவரி வாக்கில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் வடக்கு நோக்கி வலுக்கும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பாமல் பருவத்துக்கு ஒருமுறை திரும்புவதிலிருந்தே இது வேறு பிறவி என்று தெரிந்துகொள்ளலாம். சில நாள் வலுவாக ஓடும், சில நாள் சோர்ந்துவிடும். ஓத மின்சாரத்தின் பெரிய பெருமையே அதை ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிடலாம் என்பது. பஞ்சாங்கம்போல அட்டவணை போடலாம். தெண்டிக்கும் வன்னிக்கும் அப்படி அட்டவணை போட முடியாது.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. அலைகள் கரையில் சாய்வாக மோதி மணலை வடக்கே நகர்த்திக்கொண்டிருந்த வழியைத் துறைமுகச் சுவர் மறித்ததன் விளைவு அது. அதற்கும் ஓதத்துக்கும் தொடர்பில்லை. கடற்கரைச் சாலையோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் பார்க்கும்போதெல்லாம், கடலோரத்தில் ஒன்றைக் கட்டும் முன் யார் கரை போகும் என்று கேட்டாக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

திறந்த கடலை விடுங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வேகமாகத்தானே போகிறது?

ஆம். வடசென்னையில் ஓத நீரோட்டத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அதுதான். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேரும் கழி, ஒரு வாய் வழியாகக் கடலோடு மூச்சு விடுகிறது.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் அங்கே போய் அளந்தேன். கரையில் இரண்டு கம்புகளை நட்டு, இடையே கயிறு பிடித்து 20 மீட்டர் வைத்தேன். வற்றம் நன்றாக இழுக்கும் நேரத்தில் ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் போட்டேன். முதல் கம்பைத் தாண்டியதிலிருந்து இரண்டாவதைத் தாண்டும் வரை 38 நொடி. மறுபடி போட்டேன், 41. மூன்றாவது மட்டை ஒரு சுழிப்பில் சிக்கி நின்றுவிட்டது. பக்கத்தில் இடுப்பளவு நீரில் இரண்டு பெண்கள் குனிந்து, சேற்றில் கைவிட்டு இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருந்தார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால். தண்ணீர் அவர்கள் முதுகை ஒட்டிச் சிற்றலையோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 20 மீட்டரை 38 நொடியில் கடந்தால் நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். அதுவும் மேற்பரப்பின் வேகம், அடியில் இன்னும் குறைவு. மூன்று மீட்டர் விட்டமுள்ள ஒரு சுழலி அரை மீட்டர் வேகத்தில் இடைவிடாமல் சுற்றுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 160 வாட் அளவே கிடைக்கும். ஒரு நாள் முழுவதும் சேர்த்தால் நாலு யூனிட்டுக்கும் குறைவு. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் மொட்டை மாடியில் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தருகிறது. உண்மையில் ஓட்டம் நாளுக்கு நாலு முறை நின்று திரும்பும், அட்டமியில் சோர்ந்துவிடும். ஆகவே சுழலியின் கணக்கு இன்னும் பல மடங்கு இறங்கும்.

ஆழமும் இல்லை. மணல் திட்டு முகத்துவாரத்தை அடிக்கடி அடைக்கிறது. தூர்வாரக் கேட்டு மீனவர்கள் போராட வேண்டியிருக்கிற இடத்தில், மூன்று மீட்டர் இறக்கையைச் சுற்றவிட நீர் எங்கே?

கழியில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓர் ஓரத்தில் சிறியதாக வைக்கலாமே?

இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் ஓட்டம் இருக்காது. சுழலிக்கு வேண்டியது கழியிலேயே விரைவாக ஓடும் பாதை. வற்றத்தில் இறால் இறங்கி வருவதும் அதே பாதையில்தான், கட்டுவலை போடுபவருக்கு வேண்டியதும் அதே பாதைதான். பழவேற்காட்டில் பாடு என்ற முறை இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஓத நீரோட்டத்தின் நல்ல இடங்கள் எவ்வளவு குறைவு, எவ்வளவு மதிப்புள்ளவை என்பதை மின்பொறியாளர்களுக்கு முன்பே அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. அந்த இடத்தில் இரண்டு பல்புக்கு இயந்திரம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முகத்துவாரத்துக்குக் குறுக்கே அணை கட்டி, ரான்ஸ்போலச் செய்தால்?

கழியில் ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் உயரத்துக்குத் தேக்கி, கடல் வற்றியதும் திறந்துவிட்டால், ஒரு சொட்டும் வீணாகாமல் கிடைக்கக்கூடியது சுமார் 1,400 யூனிட். வடசென்னை அனல் மின் நிலையத்தின் 600 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடும்போது அதை ஒன்பது நொடிக்குள் உற்பத்தி செய்துவிடும்.

அந்த ஒன்பது நொடிக்காக எதை இழப்போம்? கொசஸ்தலையில் வரும் மழை வெள்ளம் முழுவதும் இந்த வாய் வழியாகவே கடலுக்குப் போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடும் கலந்து எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் இடுப்புயரத்துக்குப் படிந்த அந்தக் கறுப்புக் கோட்டைத் தேய்த்துப் பார்த்தவர்களிடம் போய் முகத்துவாரத்தில் இன்னொரு தடுப்பு வைக்கலாமா என்று கேட்கக் கூடாது.

அப்படியானால் எண்ணூரில் ஓதத்தால் எந்தப் பயனும் இல்லையா?

பெரிய பயன் இருக்கிறது. மின்சாரக் கணக்கில் அது வராது, அவ்வளவே. ஒவ்வோர் ஏற்றமும் கழிக்குள் உப்பையும் உயிர்க்காற்றையும் இறால் குஞ்சுகளையும் கொண்டுவருகிறது. ஒவ்வொரு வற்றமும் அனல் மின் நிலையங்களின் சூடான நீரையும், குழாய்களில் கசிந்து படிந்த சாம்பலையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துப்போகிறது. அலையாத்தி மரங்களின் வேர் மூச்சுவிடுவதும் இந்த ஏற்ற வற்றத்தால்தான். நாளுக்கு இரண்டு முறை கூலி வாங்காமல் நடக்கும் துப்புரவு இது. நாம் செய்ய வேண்டியது வாயைத் திறந்து வைப்பது, கழியை மேலும் மூடாமல் இருப்பது.

இந்தியாவில் வேறெங்காவது முயன்றார்களா?

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் நாட்டின் ஓத ஆற்றல் வாய்ப்பை சுமார் 12,455 மெகாவாட் என்று சொல்கிறது. காம்பே, கட்ச் பகுதிகளே அதில் முதன்மை. அது வாய்ப்பின் கணக்கு, கட்டியதன் கணக்கு அல்ல. மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்தில் துர்காதுவானி என்ற இடத்தில் 3.75 மெகாவாட் நிலையம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். செலவு கட்டுப்படியாகாமல் கைவிட்டார்கள். கட்ச் வளைகுடாவில் 2011-இல் அறிவித்த 50 மெகாவாட் திட்டமும் நிறைவேறவில்லை. நல்ல ஓதம் உள்ள இடங்களிலேயே இந்த நிலை.

ஓதம் சரிவராவிட்டால் அலையிலிருந்து எடுக்கலாமா?

சிறு அளவில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சென்னை ஐ.ஐ.டி. 1991-இல் 150 கிலோவாட் அலை மின் நிலையத்தை இயக்கிக் காட்டியது. அதே ஐ.ஐ.டி. 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு அப்பால் 6 கிலோமீட்டர் தூரத்தில் சிந்துஜா-1 என்ற மிதவையைச் சோதித்தது. அதன் திறன் 100 வாட். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அலையால் தானே மின்னூட்டம் செய்துகொள்ளும் வழிகாட்டு மிதவையை உருவாக்கி, நம் காமராசர் துறைமுகத்தை ஒட்டிய கடலிலேயே சோதித்திருக்கிறது. கப்பலுக்கு வழி காட்டும் விளக்கு ஒன்று கம்பிவடமில்லாமல் கடல் நடுவே எரிய வேண்டும். அதற்குச் சில வாட் போதும், அந்தச் சில வாட்டை அலை தருகிறது. ஆற்றலின் அளவும் தேவையின் அளவும் பொருந்தியிருப்பதால் எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

சுழலியில் மீன் அடிபடாதா?

இறக்கைகள் காற்றாலையைப்போல மெதுவாகச் சுற்றுபவை. பெரும்பாலான மீன்கள் விலகிப்போவதைக் கேமராக்களில் பார்த்திருக்கிறார்கள். மீனவருக்கு வரும் சிக்கல் வேறு: சுழலி இருக்கும் இடத்தில் வலை போட முடியாது.

அப்படியானால் வடசென்னைக்குப் புகைபோக்கிதான் விதியா?

இல்லை. ஓதம் இல்லை என்பதால் நிலக்கரிதான் என்று ஆகிவிடாது. வீட்டுக் கூரை, பள்ளிக் கூரை, கிடங்குகளின் தகரக் கூரை என்று வடசென்னையில் வெயில் விழும் பரப்பு ஏராளம். மன்னார் வளைகுடாவில் கடற்காற்றாலைகளுக்கு இடம் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இரவுக்குச் சேமிப்புக் கலங்கள் வேண்டும், அதற்குப் பணமும் காலமும் ஆகும். இவற்றைக் கேட்பது பலன் தரும். பலன் தராத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தால், எதிரில் இருப்பவர் "ஆய்வு செய்கிறோம்" என்று சொல்லிப் பத்து ஆண்டுகளை எளிதாகக் கழித்துவிடுவார். இந்தப் பகுதி அப்படிப் பல பத்தாண்டுகளை ஏற்கெனவே இழந்திருக்கிறது.

நாங்களே அளந்து பார்க்க முடியுமா?

தாராளமாக. பள்ளி மாணவர்களோடு செய்யுங்கள், பெரியவர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். யாரும் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. 20 மீட்டர் கயிறு, இரண்டு கம்பு, நொடி காட்டும் கைப்பேசி, நாலைந்து தேங்காய் மட்டை போதும். நெகிழிப் புட்டி வேண்டாம், காற்று அதைத் தள்ளிக் கணக்கைக் கெடுக்கும், கழியில் குப்பையும் சேரும். மட்டை பாதி மூழ்கி மிதப்பதால் நீரோடு போகும்.

ஏற்றம், வற்றம் இரண்டின் நடுவேளையிலும் அளக்க வேண்டும். உச்சியில் அளந்தால் தண்ணீர் அசையாமல் நிற்கும். நேரத்தை அங்கே வலை கட்டுபவரிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார். அமாவாசைக்கு மறுநாள் ஒருமுறை, அட்டமிக்கு மறுநாள் ஒருமுறை. இரண்டுக்கும் வேகம் × வேகம் × வேகம் என்று பெருக்கி, பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதுங்கள். முகத்துவாரக் குப்பத்துப் பிள்ளைகளோடு நாங்கள் அளந்தபோது அட்டமியன்று மட்டை முதல் கம்பைத் தாண்டி, 70 நொடி கழித்தே இரண்டாவது கம்புக்கு வந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெருக்கிப் பார்த்துவிட்டு, முன்பு கிடைத்த 38 நொடியோடு ஒப்பிட்டால் திறன் ஆறில் ஒரு பங்குதான் வருகிறது என்று எல்லோருக்கும் முன்பாகச் சொன்னாள்.